ஈவதும் ஏற்பதும்: குரோமியத்தின் இரு நிலைகள்

ஏலகிரி மலைக்கு வடக்கே, பாலாற்றங்கரையில் அமைந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. அத்தொழில் நம் முன்னோர்க்குச் சோறிட்டது, கல்விக்கூடங்களையும் எழுப்பியது. அதனுடன் வந்த கழிவுநீர் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை நம்மைக் கொண்டு சென்றது. ‘குரோமியம் நஞ்சா, இல்லையா?’ என்று திண்ணைகளில் எழும் வழக்குக்கு மேனிலைப் பள்ளி வேதியியல் நூலின் ஓர் அட்டவணை விடை பகர்கிறது. தமிழாசிரியனுக்கு இங்கு என்ன வேலை என்போர் சற்றே பொறுத்தருள்க.

துத்தநாகத் தகட்டை அதன் சல்பேட்டுக் கரைசலிலும், செம்புத் தகட்டை மயில்துத்தக் கரைசலிலும் நிறுத்தி, கரைசல்களை உப்புப்பாலத்தாலும் தகடுகளைக் கம்பியாலும் இணைத்தால் மின்சாரம் பாய்கிறது. டேனியல் 1836இல் கண்ட கலத்தின் பள்ளி வடிவம் இது. துத்தநாகம் எலக்ட்ரான்களை ஈகிறது. செம்பு அயனிகள் ஏற்கின்றன. (ஈதலுக்கு ‘ஆக்ஸிஜனேற்றம்’ என்று பெயரிட்டு மாணவரைக் குழப்பியது கலைச்சொல்லாக்கத்தின் குறை என்பது என் கருத்து.) ஏற்கும் நாட்டத்தின் அளவே மின்முனை அழுத்தம். ஹைட்ரஜனைப் பூஜ்யமாகக் கொண்டால் செம்பு +0.34, துத்தநாகம் −0.76 வோல்ட். ஏற்பதன் எண்ணிலிருந்து ஈவதன் எண்ணைக் கழித்தால் 1.10. விடை நேர்க்குறியாயின் வினை தானே நிகழவல்லது, எதிர்க்குறியாயின் நிகழாது.

இனிக் குரோமியத்துக்கு வருவோம். தோலைப் பதனிடுவது அதன் +3 நிலை. இது மண்ணில் பெரும்பாலும் கரையாமல் படிந்துவிடும், நச்சுத்தன்மையும் குறைவு. +6 நிலையோ மஞ்சள் குரோமேட்டாக நீரோடு ஓடும், தோலை அரிக்கும், அதன் தூசியை நெடுநாள் சுவாசிப்போர்க்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். ஒரே தனிமம்தான், மூன்று எலக்ட்ரான்களே வேறுபாடு.

அமிலத்தில் டைகுரோமேட்டின் அழுத்தம் +1.33, ஆக்ஸிஜனின் அழுத்தம் +1.23. எனவே அங்கே +3 குரோமியத்திடமிருந்து காற்று எலக்ட்ரானைப் பறிக்க இயலாது, விடை −0.10. மாறாக, டைகுரோமேட்டுதான் பிறரிடமிருந்து பறிக்கும். அமிலத்தில் கரும்பாலை மொலாசஸைச் சேர்த்தாலே ஆரஞ்சு நிறம் பச்சையாகி, பதனிடும் உப்பு கிடைப்பது இதனால்தான்.

காரத்தில் கதை தலைகீழ். குரோமேட்டின் எண் −0.13 ஆக இறங்குகிறது, ஆக்ஸிஜனுடையது +0.40. விடை +0.53. அதாவது +3 நிலை +6 ஆக மாற வழி திறந்துவிடுகிறது. எனினும், வழி உண்டு என்பதையே இவ்வெண்கள் கூறும், வேகத்தைக் கூறா. காற்று தனித்து மிக மெல்லவே செய்யும் இவ்வேலையை மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்ஸைடுகள் விரைந்து செய்கின்றன.

குரோமேட்டு ஆலைகளின் முறையும் இதுவே. குரோமைட் தாதுவைச் சோடியம் கார்பனேட்டுடன் சேர்த்துக் காற்றில் வறுப்பர். உலை வேறு, கரைசல் வேறு. ஆயினும் காரம் துணைநிற்கும் போக்கு ஒன்றே. பாலாற்றின் கீழ்ப்பகுதியில், இராணிப்பேட்டையில் இயங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. அக்கழிவில் +6 நிலை எஞ்சியிருந்தது. மழைநீர் அதைக் கரைத்து நிலத்தடிக்குக் கொண்டு சென்றது. தோல் பதனிடும் நிலையத்துக் கழிவையும் இந்தக் கழிவையும் ஒன்றாக எண்ணுவது பிழை. முன்னதில் பெரும்பாலும் +3 நிலையே. அதன் பெருந்தொல்லை உப்பு.

மாற்று மருந்தும் அதே அட்டவணையில் உள்ளது. சித்த மருத்துவர் அறிந்த அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட்டு, அமிலக் கரைசலில் +0.77 உடையது. 1.33இலிருந்து கழித்தால் 0.56; டைகுரோமேட்டு +3 ஆகிவிடும். பின்னர்ச் சுண்ணாம்பிட்டால் வீழ்படிவாகும். குடுவையில் நொடியில் முடியும் இவ்வினையைக் குன்றுபோன்ற குவியலின் உள்ளே ஒவ்வொரு துகளுக்கும் கொண்டு சேர்ப்பது வேறு வேலை. அக்கழிவு காரத்தன்மையது, ஆதலால் அங்கே எண்களையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.