மின்கலக் கண்காணிப்புக்கான வெப்பநிலை உணரி

மின்கலக் கண்காணிப்புக்கான வெப்பநிலை உணரி என்பது பேட்டரியின் சூட்டை அளந்து, மின்னேற்றக் கருவிக்கு அல்லது கண்காணிப்புச் சுற்றுக்குத் தெரிவிக்கும் சிறிய மின்னணு உறுப்பாகும். ஒரு தெர்மிஸ்டர், ஒரு மின்தடை, ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை ஆகியவற்றைக் கொண்டு இதை வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ செய்யலாம். செய்வது எளிது. ஆனால் இதன் கம்பியோ இணைப்போ பழுதானால், சூடான பேட்டரியைக் குளிர்ந்தது என்று காட்டிவிடும். ஆகவே உணரியைச் செய்வதோடு அதன் பழுதைக் கண்டறியும் வழியையும் சேர்த்தே அமைக்க வேண்டும்.

தேவை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ, அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது. கோடையில் இங்குப் பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. வீடுகளில் இன்வெர்ட்டருக்கும், மீன்பிடி விசைப்படகுகளில் விளக்கு, தொலைத்தொடர்புக் கருவி முதலியவற்றுக்கும் ஈய-அமில பேட்டரிகள் பயன்படுகின்றன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டா பகுதியில் பல ஊர்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய நாட்களில் பேட்டரி நல்ல நிலையில் இருப்பது இன்றியமையாதது.

ஈய-அமில பேட்டரிக்குச் சூடு பகை. அதன் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை உயர்ந்தே இருந்தால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொதுக்கணக்கு. மேலும், சூடு கூடும்போது மின்னேற்ற அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒரு கலத்துக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3 மில்லிவோல்ட் என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவு. 12 வோல்ட் பேட்டரியில் 6 கலங்கள் இருப்பதால் இது பாகைக்கு 18 மில்லிவோல்ட் ஆகும். 25 பாகையில் 13.6 வோல்ட் போதுமான ஒரு பேட்டரிக்கு, 40 பாகையில் 13.33 வோல்ட் போதும். குறைக்காவிட்டால் நீர் விரைவில் வற்றும், தகடுகள் அரிக்கப்படும்.

செயல்படும் விதம்

வெள்ளி சல்பைடின் மின்தடை சூடேறும்போது குறைவதை 1833-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். தெர்மிஸ்டர் இதே பண்பைப் பயன்படுத்தும் குறைகடத்தி உறுப்பாகும். 25 பாகையில் 10 கிலோ ஓம் மின்தடையும், 3950 என்ற பீட்டா மாறிலியும் கொண்ட வகை எளிதில் கிடைக்கும். அதன் மின்தடை ஏறத்தாழ இவ்வாறு மாறும்:

25 பாகையில் 10 கிலோ ஓம்
30 பாகையில் 8.04 கிலோ ஓம்
40 பாகையில் 5.30 கிலோ ஓம்
50 பாகையில் 3.59 கிலோ ஓம்

செய்முறை

10 கிலோ ஓம் மின்தடையின் ஒரு முனையைப் பலகையின் 5 வோல்ட் முனையுடன் இணைக்க வேண்டும். மறுமுனையைத் தெர்மிஸ்டருடன் தொடராக இணைத்து, தெர்மிஸ்டரின் மறுமுனையைப் புவி முனையில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள புள்ளியே பலகையின் ஒப்புமை உள்ளீட்டுக்குச் செல்லும். ஆர்டுயினோ ஊனோ போன்ற 5 வோல்ட் பலகை இந்த அழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகத் தரும்.

தெர்மிஸ்டரின் மின்தடை = 10,000 × எண் ÷ (1023 − எண்)

எடுத்துக்காட்டாக, எண் 355 என்றால் மின்தடை ஏறத்தாழ 5,314 ஓம். அதாவது ஏறத்தாழ 40 பாகை. மின்தடையிலிருந்து வெப்பநிலையைக் கெல்வினில் பெறும் வாய்பாடு:

1 ÷ வெப்பநிலை = 1 ÷ 298.15 + (1 ÷ 3950) × இயல் மடக்கை (மின்தடை ÷ 10,000)

கிடைக்கும் விடையிலிருந்து 273.15-ஐக் கழித்தால் செல்சியசு அளவு கிடைக்கும்.

இணைப்புகளை முறுக்கிவிடுவதோடு நிறுத்தாமல் ஈயப்பற்று வைக்க வேண்டும். அவற்றின்மேல் சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டி, தெர்மிஸ்டரின் தலையையும் கால்களையும் எபாக்சி பசையால் மூட வேண்டும். உப்புக்காற்றும் அமில ஆவியும் உள்ளே புகாதிருக்க இது தேவை.

சரிபார்த்தல்

தூளாக்கிய பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும் நீரில் உணரி 0 பாகை காட்ட வேண்டும். காரைக்கால் கடல்மட்டத்தை ஒட்டியிருப்பதால் அங்கு நீர் ஏறத்தாழ 100 பாகையிலேயே கொதிக்கும். ஆனால் பசையும் உறையும் அச்சூட்டைத் தாங்கும் என்று தெரிந்தால் மட்டுமே அதில் சோதிக்கலாம். பேட்டரிக்கு முக்கியமானது 30 முதல் 45 பாகை வரையிலான பகுதி. ஆகவே வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் உணரியையும் சேர்த்து வைத்து, 35 முதல் 41 பாகைக்குள் ஒப்பிடுவது மிகப் பயனுள்ள சோதனை.

பொருத்தும் இடம்

அறைச் சுவரில் வைத்த உணரி அறையின் சூட்டைத்தான் காட்டும். உணரி பேட்டரிப் பெட்டியின் பக்கச் சுவரில், அமிலக் கரைசலின் மட்டத்துக்குக் கீழே ஒட்டியிருக்க வேண்டும். அதன்மேல் பஞ்சுத்துண்டு ஒன்றை வைத்து மூடினால் வெளிக்காற்றின் தாக்கம் குறையும். பல பேட்டரிகள் வரிசையாக இருந்தால், இருபுறமும் சூடு சூழும் நடுப் பேட்டரியில் பொருத்துவது நல்லது. பிளாஸ்டிக் பெட்டி சூட்டை மெதுவாகவே கடத்துவதால், மின்னேற்றத்தின்போது உட்பகுதி உணரி காட்டுவதைவிடச் சற்றுச் சூடாக இருக்கும்.

பழுதும் பாதுகாப்பும்

கம்பி அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகிறது. சுற்றின் கணக்கில் இதன் பொருள் கடுங்குளிர் என்பதே. மின்தடையையும் தெர்மிஸ்டரையும் இடம் மாற்றிப் பொருத்தினாலும் இது மாறாது. மின்னேற்றக் கருவி அதைச் சுழியத்துக்குக் கீழ் 20 பாகை என்று எடுத்துக்கொண்டால், 13.6 வோல்ட்டோடு 0.81 வோல்ட்டைக் கூட்டி 14.41 வோல்ட் தரும். பேட்டரி உண்மையில் 40 பாகையில் இருந்தால் இது தேவையைவிட 1 வோல்ட்டுக்கும் மேல் அதிகம். அரைகுறைப் பழுதும் இதே திசையில்தான் செல்லும். உப்பரித்த இணைப்பில் 1 கிலோ ஓம் தடை கூடினால், 40 பாகை 36 பாகையாகத் தெரியும். கம்பிகளுக்கிடையே ஈரம் கசிந்தால் மட்டும் அளவு கூடுதலாகத் தெரியும்.

ஆகவே நிரலில் ஒரு விதி கட்டாயம் வேண்டும். எண் 1000-க்கு மேலோ 30-க்குக் கீழோ சென்றால், அதை வெப்பநிலையாகக் கணக்கிடாமல் உணரிப் பழுது என்று அறிவித்து, மின்னேற்ற அழுத்தத்தைக் குறைந்த பாதுகாப்பான அளவில் நிறுத்த வேண்டும். செய்து முடித்ததும் கம்பியைக் கழற்றிப் பார்த்து இவ்விதி வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். அரிப்பு இவ்வளவு பெரிய மாற்றம் காட்டாது என்பதால், நீர்ச் சோதனையை ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்தபின் மீண்டும் செய்வது நல்லது.

மின்னேற்றத்தின்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அதன் அளவு 4 விழுக்காட்டை எட்டினால் ஒரு பொறியே அதைப் பற்றவைக்கும். எனவே காற்றோட்டமுள்ள இடத்தில், மின்னேற்றத்தை நிறுத்திவிட்டுத்தான் உணரியைப் பொருத்த வேண்டும். லித்தியம் பேட்டரிகளைப் பொதுவாக 0 பாகைக்குக் கீழும் 45 பாகைக்கு மேலும் மின்னேற்றக் கூடாது. அவற்றுள் உற்பத்தியாளர் பொருத்திய பாதுகாப்புச் சுற்றுக்கு வீட்டில் செய்த உணரி மாற்றாகாது. கூடுதல் கண்காணிப்புக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.