உங்களுக்குத் தெரியுமா? குரலை உயர்த்தாத காதல் பாடகர்

மலாக்காவின் ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) போன தலைமுறையிடம் பழைய காதல் பாட்டு என்று சொல்லிப் பாருங்கள், ஏ. எம். ராஜா பெயர் வந்துவிடும்.

1929-இல் பிறந்தவர். 1951-இல் ஜெமினி ஸ்டுடியோவின் ‘சம்சாரம்’ படத்தில் அறிமுகம். பாகவதர் காலத்துப் பாடகர்கள் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்சத்தில் பாடினார்கள். ராஜாவோ மைக்குக்கு அருகில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடினார். அமெரிக்காவில் பிங் கிராஸ்பி 1930-களில் பிரபலமாக்கிய முறையும் இதுதான். மைக் வந்ததால் பிறந்த பாணி இது. மெல்லிய மூச்சுகூடப் பதிவாகும். பிசிறு தட்டினால் மறைக்க இடமில்லை.

‘மிஸ்ஸியம்மா’வில் (1955) ஜெமினி கணேசனுக்கு அந்தக் குரல் அப்படியே பொருந்தியது. அடுத்த ஆண்டு, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார்.

1959-இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாணப் பரிசு’க்கு இசையும் ராஜாதான், பாடல்கள் பட்டுக்கோட்டையார். பாடகராக மட்டுமே அவரை நினைப்பது பெரிய அநியாயம். காதலின் பூரிப்பையும் இழப்பையும் ஒரே மெட்டில் இருவிதமாக ஒலிக்கவைத்தது அவர் இசை.