50 வயது ஜப்பான் கார் வாங்கலாமா?

பண்ருட்டியில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். பழைய காருக்கும் இதே விதிதான்!

1969-ம் ஆண்டு ஜப்பானில் நிஸான் கம்பெனி ஓர் அழகிய காரைச் செய்தது. அதன் பெயர் டாட்சன் 240 இசட். இரண்டே கதவு. இரண்டே ஆசனம். ஆறு சிலிண்டர் எஞ்சின். பந்தயக் கார் போலப் பறக்கும். அதற்கு இன்றும் உலகெங்கும் ரசிகர்கள் உண்டு.

வயது என்ன?

மூன்று வயது கடந்த பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் 50 வயது கடந்துவிட்டால் கொண்டுவரலாம்! 2025-ல் விதி இப்படித் தளர்ந்தது. சுங்க வரி தனி. 2021-ம் ஆண்டு விதிப்படி, இத்தகைய காரைப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய். தினசரி ஓட்டக் கூடாது. வாடகைக்கும் விடக் கூடாது.

துருதான் எமன்

எஞ்சின் கெட்டால் பழுது பார்க்கலாம். அடித்தகட்டைத் துரு தின்றுவிட்டால், செலவு காரின் விலையையே தாண்டிவிடும். சிலர் ஓட்டையில் பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

காந்தத்தைத் துணியில் சுற்றிக் காரின் மேல் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகடு என்றால் ஒட்டும். பட்டி கனமாக இருந்தால் ஒட்டாது.

வாங்கிய பிறகும் கவனம் தேவை. கடலூர்ப் பக்கம் உப்புக் காற்று. கடற்கரைக்குப் போய் வந்தால், நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவிக் காயவிட வேண்டும்.

பலாவுக்கு முள் வெளியே. பழைய காருக்கு முள் உள்ளே!