பெட்டி யாரை நம்புகிறது?

கோட்டுச்சேரி கடைத்தெருவில் மீன் வாங்கிவிட்டு, 'அனுப்பிட்டேங்க' என்று போனைக் காட்டினால் கடைக்காரர் அசைய மாட்டார். கல்லா அருகிலிருக்கும் பெட்டி 'ரூபாய் பெறப்பட்டது' என்று சொல்ல வேண்டும். போனில் தெரிவதைப் போலியாகத் தயாரிக்கலாம். பெட்டிக்கோ அதைப் பற்றிக் கவலையே இல்லை. அதற்குள் தனி சிம் இருக்கிறது, சேவை நிறுவனத்தின் கணினி சொல்வதை மட்டும் கேட்கும்.

யாரை நம்புவதென்று பெட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தாயிற்று. ஆனால் நம் சார்பில், முன்பின் தெரியாத மென்பொருளோடு பேரம் பேசும் மென்பொருள் முகவர் என்ன செய்யும்?

கணக்கு வைக்கும். ஜோசாங், இஸ்மாயில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் முன்வைத்த பீட்டா முறை எளிது. நல்ல அனுபவங்களோடு 1 கூட்டு, மொத்த அனுபவங்களோடு 2 கூட்டு, முன்னதைப் பின்னதால் வகு. புதியவருக்கு 1/2. ஒருமுறை ஒழுங்காக நடந்தவருக்கு 2/3. எட்டுக்கு எட்டும் சரியென்றால் 9/10. முழு 1 யாருக்கும் கிடைக்காது (நம்மூர் வட்டிக்கடைக்காரர்கள் இதை ரசிப்பார்கள்). நல்ல பெயர் சம்பாதித்துக்கொண்டு பிறகு ஏமாற்றுவோரும் உண்டு என்பதால், பழைய அனுபவத்தின் மதிப்பைப் போகப்போகக் குறைக்கவும் வழி இருக்கிறது.

சொந்த அனுபவம் போதாதபோது கேட்கும் அடுத்தவர் சாட்சிதான் தலைவலி. ஒரே ஆள் நூறு பொய்ப்பெயரில் வந்து தன்னையே புகழலாம். இதற்குப் பெயர் சிபில் தாக்குதல். 2003இல் வந்த ஐகன்டிரஸ்ட் என்ற முறை, சொல்பவரின் நம்பகத்தைப் பொறுத்தே சொல்லுக்கு எடை தருகிறது. அதுவும் முன்பே நம்பப்பட்ட சிலரிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்தச் சிலரின் பட்டியலை அமைப்பைக் கட்டுபவரே எழுதித் தரவேண்டும்.