நம்ம ஊர் சுவரில் யார் முகம்?

வெளியூர் நண்பர் "உங்க ஊர் எப்படி இருக்கும்?" என்று கேட்டால், போனில் எந்தப் படத்தைக் காட்டுவீங்க? அரியலூர் என்றால் சிமென்ட் லாரி, பெரம்பலூர் என்றால் நெடுஞ்சாலையில் கடந்துபோகிற ஊர். பலர் மனசில் இவ்வளவுதான். ஒரு சுவர் ஓவியம் இதை மாற்றுமா?

சென்னை கண்ணகி நகரைப் பாருங்க. நகரின் நீர்நிலை ஓரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இடம். அந்த விலாசத்தைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் ஊர்ப்பெயரை மறைத்த காலம் உண்டு. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தன. வரைந்தவர்களில் ஒருவர் சென்னை ஓவியர் ஏ-கில். தலைவர்களும் நடிகர்களும் கட்-அவுட்டாக நின்ற நகரத்தில், சாதாரண ஆட்களின் முகத்தை மாடி உயரத்துக்கு வரைபவர் இவர். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரிலும் அவர் பங்கில் வரிசையாக முகங்கள். இதில் யாருக்கு எச்.ஐ.வி. என்று பார்த்துச் சொல்லவே முடியாது; அதுதான் செய்தி.

ஓவியம் குடிநீர் கொண்டுவராது, பஸ் விடாது. ஆனால் மறைக்கப்பட்ட ஒரு விலாசத்தை, ஆட்கள் தேடிவந்து படம் எடுக்கும் இடமாக ஆக்கியது.

நம்ம பக்கம் விஷயத்துக்குப் பஞ்சமா? சாத்தனூர் கல்மரத்துக்கு நீளம் 18 மீட்டர், வயசு சுமார் 12 கோடி ஆண்டு. அரியலூரில் சிமென்டுக்குத் தோண்டும் சுண்ணாம்புக்கல்லிலேயே பழைய கடலின் சிப்பிகள் கிடைக்கின்றன. கூடவே சுரங்கத் தொழிலாளியின் முகமும், சின்ன வெங்காயம் ஆயும் அம்மாவின் முகமும் வரட்டும். அருவியும் மயிலும் எந்த ஊர்ச் சுவரிலும்தான் இருக்கு!

தூரிகை எடுக்கும் முன் ஒன்று: பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தனியார் சுவர் என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்க. அரசுச் சுவர் என்றால் அந்தத் துறையிடமோ நகராட்சியிடமோ மனு கொடுங்க. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மனுவோடு சுவரின் போட்டோ, வரையப்போகும் மாதிரிப் படம் இரண்டையும் வையுங்க. யார் முகத்தை வரைந்தாலும் அவரிடம் முதலில் கேட்டுடுங்க. ஓதம் ஏறிய சுவர் மட்டும் வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் பெயின்ட் உரிஞ்சிடும்.