‘டப்’ என்ற ஓசை எங்கிருந்து வந்தது?



எங்கள் ஊர் தருமபுரம். பெயரைச் சொன்னதும் பலரும் மயிலாடுதுறையில் ஆதீனம் இருக்கும் தருமபுரத்தை நினைப்பார்கள். சிலர் தருமபுரி மாவட்டமா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. இது காரைக்கால் நகரை ஒட்டிய தருமபுரம். யாழ்மூரிநாதர் கோயில் இருக்கும் ஊர். திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தைத் தம் யாழில் அடக்க முடியாமல் போகவே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அந்த யாழையே முறிக்க முற்பட்டார் என்றும், சம்பந்தர் அவரைத் தடுத்தார் என்றும் பெரிய புராணம் சொல்கிறது. கருவியின் மேல் கோபப்பட்டு அதை முறிக்கப் போன நிகழ்ச்சி நடந்த ஊரில் இருந்துகொண்டு, நானும் ஒரு கருவியின் மேல் கோபப்பட்ட கதையைச் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் உள்ளன. காலையில் என் மாமியாருக்குக் காரைக்கால் பண்பலை வானொலி ஓட வேண்டும். மாலையில் பத்தாம் வகுப்புக்கான ஒலிப்பாடங்களை நான் அதில் போட்டுக் கேட்டுச் சரிபார்ப்பேன். பொங்கல் முடிந்து சில நாள்களில் ஸ்பீக்கரிலிருந்து திடீர் திடீரென ‘டப்’ என்று ஓர் ஓசை வரத் தொடங்கியது. பாட்டு ஓடும்போதும் வந்தது, ஓடாதபோதும் வந்தது. இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை வந்தபோது என் மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு எதையும் திறந்து பார்க்கும் பழக்கம் உண்டு. விடுமுறையில் அவன் அந்த ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றித் தூசு துடைத்திருந்தான். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. “நீ நோண்டினதுதான் காரணம்” என்று சொல்லிவிட்டேன். “நான் துடைக்க மட்டும்தாம்மா செஞ்சேன்” என்றான். நான் கேட்கவில்லை. இனி எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்று தடை போட்டேன். அவனுடைய திருப்புளிப் பெட்டி பரணுக்குப் போனது.

பெட்டியைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு மணி நேரம் ஓடவிட்டும் ‘டப்’ வரவில்லை. “போர்டுலதான் ஏதோ இருக்கும், மாத்திடலாம்” என்றார் கடைக்காரர். அவர் சொன்ன தொகைக்குப் புதுப் பெட்டியே வாங்கலாம் போலிருந்தது. திரும்பக் கொண்டு வந்தேன். வீட்டில் வைத்த அரை மணி நேரத்தில் ‘டப்’.

கடையில் வராத ஓசை வீட்டில் மட்டும் ஏன் வருகிறது? இந்தக் கேள்வியை அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். இயற்பியல் படித்துவிட்டுப் பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் நடத்தும் எனக்கு அது தோன்ற மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

பாதையைப் பாதியாக வெட்டுதல்

ஒலி வரும் பாதையை ஒரு சங்கிலியாக எண்ணிக்கொள்ளலாம். முதலில் வானொலி அல்லது கைப்பேசி. அடுத்து இணைப்புக் கம்பி. பிறகு ஒலியளவுக் குமிழ், பெருக்கும் பகுதி, கடைசியில் ஸ்பீக்கர். இவை எல்லாவற்றுக்கும் அடியில் மின்சாரம் வரும் வழி. பழுது எந்தக் கண்ணியில் என்று தெரியாதபோது சங்கிலியை நடுவில் பிரித்துப் பார்ப்பதே சுருக்கமான வழி.

ஒலியளவுக் குமிழைச் சுழியத்தில் வைத்தேன். அப்போதும் ‘டப்’ வந்தது, அதே சத்தத்தில். குமிழுக்கு முன்னால் இருக்கும் எதிலாவது கோளாறு என்றால், குமிழைக் குறைத்ததும் ஓசையும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஆகவே வானொலியும் கைப்பேசியும் இணைப்புக் கம்பியும் குற்றவாளிகள் இல்லை. இணைப்புக் கம்பியைப் பிடுங்கி எடுத்தும் பார்த்தேன். அப்போதும் வந்தது. மிச்சம் இருப்பவை பெருக்கும் பகுதி, ஸ்பீக்கர், மின்வழி. கடையில் பெருக்கும் பகுதி நன்றாகவே ஓடியது. ஆகவே என் சந்தேகம் மின்வழியின் மேல் விழுந்தது.

நேரக் குறிப்பு

எட்டாம் வகுப்பில் இதைப் புதிராகச் சொன்னேன். மின்னல் என்றான் ஒருவன். எலி என்றாள் ஒருத்தி. பேய் என்றும் பதில் வந்தது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். எதையும் சிரித்து ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது என்று மட்டும் கேட்டேன். நேரத்தைக் குறித்து வந்தால் தெரியும் என்று முடிவாயிற்று.

ஒரு சனிக்கிழமை முழுவதும் குறித்தேன். ஒரு நோட்டில் மூன்று பத்திகள்: நேரம், எப்படிப்பட்ட ஓசை, அப்போது வீட்டில் என்ன நடந்தது. திங்களன்று அதைப் பலகையில் எழுதிப் போட்டதும், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “மிஸ், பீரியட் பெல் மாதிரி அடிக்குது” என்றாள். அவள் சொன்னது சரி. பெரும்பாலான ‘டப்’களுக்கு இடையே ஏறத்தாழ இருபது நிமிடம் இருந்தது. மின்னல் இப்படி நேரம் பார்த்து வராது. எலியும் வராது. வீட்டில் நாமே தொடாமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடி, தானாக நிற்கும் பொருள் எது என்று கேட்டேன். நான்கைந்து குரல்கள் ஒன்றாக வந்தன: “ஃப்ரிட்ஜ்!”

பலகையைப் பார்த்தபோது எனக்கு வேறொன்றும் தெரிந்தது. ஓசை ஒரு வகை அல்ல, இரண்டு வகை. தனியாக, பலமாக வரும் ‘டப்’ ஒன்று. குமிழைத் திருப்பும்போதும் கம்பியை அசைக்கும்போதும் வரும் ‘சரசர’ இன்னொன்று. இரண்டையும் ஒரே நோயாக எண்ணியதுதான் என் முதல் பிழை.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

ஃப்ரிட்ஜை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். ‘டப்’ வரவில்லை. மீண்டும் போட்டேன். வந்தது. ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்பதால் மறுநாளும் செய்தேன். அதே விடை கிடைத்தது.

ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு மட்டும் ஏன் இப்படி? எது மாறியது? யோசித்துப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது சாமான்களை நகர்த்தினோம். திரும்ப வைக்கும்போது, கூடத்தின் மூலையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றிலேயே ஃப்ரிட்ஜின் ப்ளக்கையும் ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கையும் செருகியது நான்தான்.

முதலில் ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கை மட்டும் வேறு சுவர் பாயின்டுக்கு மாற்றினேன். ‘டப்’ மெலிந்தது, போகவில்லை. அதன் பிறகு ஃப்ரிட்ஜைப் பழையபடி அதற்கென்று இருந்த 15 ஆம்பியர் சுவர் பாயின்டுக்கு மாற்றினேன். ஓசை அடியோடு நின்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது காரணம் என்று சொல்லத் தெரிந்திருக்காது. மாணவர் சோதனைகளில் நாம் வலியுறுத்தும் ‘ஒரு மாறியை மட்டும் மாற்று’ என்ற விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மின்பணியாளரை அழைத்து அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ப்ளக்கைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, கறுத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பத்திக்கிட்டிருக்கும் டீச்சர்” என்றார். இரவு இரண்டு மணிக்கு எங்களை எழுப்பிய ஓசை ஓர் எச்சரிக்கை என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்பீக்கர் கெடவில்லை. சுவர் மூலையில் பறந்த தீப்பொறியை அது எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது?

ஃப்ரிட்ஜின் கம்ப்ரசரில் மோட்டார் இருக்கிறது. மோட்டார் என்பது கம்பிச்சுருள். சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதன் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்ந்திருக்கும். ஓட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் அந்த ஆற்றல் போக வழி தேடும். பாரடே விதிப்படி ஓட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு பெரிய மின்னழுத்தம் தூண்டப்படும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். துண்டிக்கும் இடத்தில் கணநேரம் அதைவிடப் பல மடங்கு அழுத்தம் எழலாம். அதனால் பொறி பறக்கும். மோட்டார் தொடங்கும்போது வழக்கத்தைவிடச் சில மடங்கு மின்னோட்டம் இழுக்கப்படும். தளர்ந்த தகட்டில் அப்போதும் பொறி எழும்.

பொறி பறந்தால் வானொலி அலைகள் பிறக்கும். 1887இல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் செயற்கையாக உண்டாக்கியது இப்படிப்பட்ட பொறியால்தான். அந்த அதிர்ச்சி மின்கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைகிறது. பெருக்கும் கருவிக்குப் பாட்டு எது, பொறி எது என்று தெரியாது. வந்ததைப் பெருக்கித் தருகிறது.

‘சரசர’ ஓசைக்குக் காரணம் நம் கடற்கரைதான். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். ஒலியளவுக் குமிழின் உள்ளே கார்பன் தடத்தின் மேல் ஒரு முனை நகர்கிறது. அங்கே தூசும் உப்பும் படிந்தால் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும். இணைப்பு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தோம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, குமிழை இருபது முப்பது முறை முழுதாகத் திருப்பினோம். பெரும்பகுதி சரியாயிற்று.

வேறு ஓசைகளும் உண்டு. ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் சுருக்கமாகத் தருகிறேன்.

1. பெட்டியைப் போடும்போது மட்டும் வரும் ‘டப்’: உள்ளே மின்தேக்கிகள் நிரம்பும் ஓசை. மற்றக் கருவிகளை முதலில் போட்டு ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போடுங்கள். நிறுத்தும்போது அதை முதலில் நிறுத்துங்கள்.

2. சூடேறிய பிறகு மட்டும் வருவது: உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கலாம். மின்தேக்கி மூத்துப் போயிருக்கலாம். அதன் மேல்பகுதி உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பணிமனை அறிந்த கணக்கு. பெட்டிக்கு மேல் துணி போட்டு மூடாதீர்கள்.

3. கைப்பேசி அருகில் இருக்கும்போது வரும் ‘டிட் டிட் டிட்’: கைப்பேசியைத் தள்ளி வைத்தால் போதும்.

4. கணினி வழியே கேட்கும்போது மட்டும் வரும் துண்டு ஓசை: தரவு வேகத்துக்குக் கணினி ஈடுகொடுக்கவில்லை. வேறு கருவியில் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. இரைச்சலைக் குறைப்பதற்காக ப்ளக்கின் எர்த் முனையை யாரும் அகற்றக் கூடாது. அது உயிர் காக்கும் முனை. ஆம்ப்ளிஃபயரை மின்சாரத்திலிருந்து பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மாணவர்களைத் திறக்க விடாதீர்கள்.

வகுப்பறையில் செய்யலாம்

மத்திய அலை வரும் சிறு வானொலி ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் வையுங்கள். 1.5 வோல்ட் மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து வரும் கம்பியை ஓர் இரும்பு அரத்தோடு இணையுங்கள். மறுமுனையிலிருந்து வரும் கம்பியால் அரத்தின் மேல் இலேசாக உரசுங்கள். தொடர்பு விட்டு விட்டு ஏற்படும் ஒவ்வொரு கணமும் வானொலி ‘கரகர’ என்னும். கம்பி சூடாகும் என்பதால் நொடிப்பொழுது மட்டும் உரச வேண்டும். அதையே பண்பலைக்கு மாற்றிச் செய்தால் ஓசை மிகக் குறையும். மத்திய அலையில் செய்தி அலையின் வீச்சில் இருக்கிறது, பொறி அந்த வீச்சைக் குலைக்கிறது. பண்பலையில் செய்தி அதிர்வெண்ணில் இருப்பதால் தப்புகிறது. இரண்டு வகைப் பண்பேற்றத்தையும் காதாலேயே கற்பிக்கலாம்.

பெரியவர்களும் இப்படித்தான் தேடினார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி, கடல் கடந்த வானொலித் தொலைபேசியில் வரும் இரைச்சல்களை வகைப்படுத்தினார். அருகில் உள்ள இடி, தொலைவில் உள்ள இடி, இரண்டிலும் சேராத ஒரு மெல்லிய சீறல். அந்தச் சீறல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சம் அடைவதைக் கண்டார். அது விண்மீன்களின் நாள் அளவு. சீறல் பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். வானொலி வானியல் அங்கே பிறந்தது. நம் ஊட்டியில் 530 மீட்டர் நீளத்தில் நிற்கும் வானொலித் தொலைநோக்கி அந்த மரபில் வந்தது.

அதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் பதிவான விசித்திரத் துடிப்புகள் பகல் வேளையிலேயே வந்தன. 2015இல் காரணம் தெரிந்தது. அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது ஓடி முடிவதற்குள் திறந்ததுதான். நேரக் குறிப்பு ஒருவரை வானத்துக்கு அழைத்துப் போனது, மற்றவர்களைச் சமையலறைக்கு அழைத்துப் போனது. எங்களை ஃப்ரிட்ஜிடம் அழைத்துப் போனது.

இனி என் கடன் ஒன்று பாக்கி இருந்தது. மகனை அழைத்து நோட்டைக் காட்டினேன். “ப்ளக்கை மாத்தினது நான்தான்டா. நீ இல்லை” என்றேன். அவன் நோட்டை வாங்கி மூன்று பத்திகளையும் முழுதாகப் படித்தான். பிறகு, “அப்ப திருப்புளிப் பெட்டியை எடுத்துக்கலாமாம்மா?” என்று மட்டும் கேட்டான். பரணிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

நம் வகுப்பறையிலும் ஓசைகள் வருகின்றன. கணக்கில் திடீரென மதிப்பெண் குறையும் மாணவன், திங்கள்தோறும் வராத மாணவி, பின்வரிசையில் எழும் சலசலப்பு. கைக்கு எட்டும் ஒருவர்மேல் பழியைப் போட நமக்கு ஒரு நிமிடம் போதும். நேரம், நிகழ்ச்சி, அப்போது என்ன மாறியது என்று மூன்று பத்திகள் எழுத ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை நம் மாணவர்களுக்கும் கொடுப்போம். எட்டாம் வகுப்பில் இப்போது நான் அந்த நோட்டை மேசையிலேயே வைத்திருக்கிறேன்.