பெல்லட் அடுப்பு

பெல்லட் அடுப்பு என்பது, தூளாக்கி அழுத்திக் குச்சி வடிவில் வெட்டிய தாவரக் கழிவை எரித்து வெப்பம் தரும் அடுப்பு ஆகும். குளிர்நாடுகளில் இது வீட்டைச் சூடாக்கப் பயன்படுகிறது. தமிழகத்தின் சமவெளிகளில் வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. இங்கு இதன் பயன் சமையலும் குளிக்க வெந்நீர் வைப்பதுமே.

எரிபொருள்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய எருமப்பட்டி போன்ற ஊர்களில் பெல்லட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோழித்தீவனம். எரிபொருள் பெல்லட்டும் ஏறத்தாழ அதே முறையில் உருவாகிறது. கடலைத்தொலி, மரத்தூள், மக்காச்சோளச் சக்கை போன்றவற்றைக் காயவைத்து அரைத்து, துளையிட்ட இரும்பு அச்சின் வழியே மிகுந்த அழுத்தத்தில் தள்ளுவார்கள். 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனில் குச்சிகள் வெளிவரும்.

நல்ல பெல்லட்டில் ஈரம் பத்து விழுக்காட்டுக்குள் இருக்கும். கையால் ஒடித்தால் 'டக்' என முறியும். மூட்டையின் அடியில் தூள் அதிகம் தங்கியிருந்தால் அது தரம் குறைந்தது. மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் மிகக் குறைவு. நெல் உமியில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு சாம்பலாகவே நிற்கும். எனவே உமி கலந்த பெல்லட்டை எரித்தால் அடுப்பை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

செயல்படும் விதம்

சிறிய வீட்டு அடுப்பு ஓர் இரும்பு உருளை. அதன் அடியில் மின்கலத்தால் சுழலும் சிறு விசிறி இருக்கும். உருளையில் பெல்லட்டை நிரப்பி மேற்புறத்தில் தீ மூட்ட வேண்டும். தீ மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும்போது, அடியிலிருந்து வரும் குறைந்த அளவு காற்றால் பெல்லட் முழுதாக எரியாமல் வாயுவாக மாறுகிறது. உருளையின் விளிம்பிலுள்ள துளைகள் வழியே வரும் காற்று அந்த வாயுவை எரிக்கிறது. விறகடுப்பில் எரியாமல் வெளியேறும் வாயுவே புகை. இங்கு அதுவும் எரிந்துவிடுவதால் புகை வெகுவாகக் குறைகிறது.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13152 தரத்தின்படி, விசிறி உள்ள அடுப்பு எரிபொருளின் வெப்பத்தில் குறைந்தது 35 விழுக்காட்டையாவது பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். மூன்று கல் அடுப்பில் பெரும்பாலும் 10 முதல் 15 விழுக்காடே சேர்கிறது. ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 45 பாகை செல்சியசுக்குச் சூடாக்க, பெல்லட் அடுப்பில் சுமார் 300 கிராம் போதும். மூன்று கல் அடுப்பில் முக்கால் கிலோவுக்கு மேல் விறகு வேண்டும்.

ஊர்ஜா அடுப்பு தரும் பாடம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பி.பி. எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'ஊர்ஜா' என்னும் பெல்லட் அடுப்பு, 2006 முதல் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை நிரப்பும் சுமார் 600 கிராம் பெல்லட் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரிந்தது. சில ஆண்டுகளில் சுமார் நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. 2009-இல் இத்தொழில் புனேயைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கைக்கு மாறியது.

அதன்பின் வீடுகளில் இதன் பயன்பாடு குறைந்தது. தொழிற்சாலைக் கொதிகலன்களும் அதே வேளாண் கழிவை வாங்கத் தொடங்கியதால் மூலப்பொருளின் விலை ஏறியது. பெல்லட் விலையும் உயர்ந்தது. சமையல் எரிவாயு பரவியபோது குடும்பங்கள் அதற்கு மாறின. நிறுவனம் உணவகங்கள் போன்ற பெரிய சமையற்கூடங்களில் கவனம் செலுத்தியது. அடுப்பு நன்றாகவே எரிந்தது, ஆனால் எரிபொருள் கட்டுப்படியாகவில்லை. விறகு தீர்ந்தால் தோட்டத்தில் பொறுக்கிக்கொள்ளலாம். பெல்லட் தீர்ந்தால் கடையைத்தான் நம்ப வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

எனவே முதலில் பார்க்க வேண்டியது எரிபொருள், பிறகுதான் அடுப்பு. வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

1. சுற்றுவட்டாரத்தில் பெல்லட் விற்பவர் ஆண்டு முழுவதும், மழைக்காலத்திலும், சில்லறையாகத் தருவாரா?

2. விலை கட்டுப்படியாகுமா? 14.2 கிலோ எரிவாயு உருளை தரும் பயனுள்ள வெப்பத்துக்குச் சுமார் 75 கிலோ பெல்லட் தேவை. உருளையின் விலையை 75 ஆல் வகுத்தால் வருவதே ஒரு கிலோ பெல்லட்டுக்குத் தரத்தக்க உச்ச விலை. உருளை 900 ரூபாய் என்றால் அது 12 ரூபாய். அதற்கு மேல் போனால் மிச்சம் எதுவும் இல்லை.

3. அடுப்பில் ஐ.எஸ். முத்திரை உள்ளதா? விசிறியும் மின்கலமும் பழுதானால் மாற்று கிடைக்குமா?

4. பெல்லட் கிடைக்காத நாளில் சிறு விறகுத் துண்டு, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றையும் எரிக்கும் வகையா?

பயன்பாடும் பாதுகாப்பும்

பெல்லட்டுக்குப் பெரிய எதிரி நீர். நனைந்தால் ஊதிப் பொடியாகிவிடும், மீண்டும் காயவைத்தாலும் பயன்படாது. மூட்டையை மண்தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பதும், மூடியுள்ள டிரம்மில் கொட்டி வைப்பதும் நல்லது. எரியும்போது நடுவில் பெல்லட் சேர்த்தால் புகை வரும். ஆகவே வேலைக்கு ஏற்ற அளவை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் சாம்பலைக் கொட்டி, காற்றுத் துளைகளை வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும். நன்கு ஆறிய சாம்பலைத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம்.

இந்தச் சிறிய அடுப்பைக் கொண்டு அறையைச் சூடாக்கக் கூடாது. குளிர்நாட்டு அடுப்பில் புகையை வெளியேற்றும் குழாய் உண்டு. இதில் இல்லை. கண்ணுக்குப் புகை தெரியாவிட்டாலும் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளிவரும். கடைசியில் கங்கு மட்டும் எஞ்சும் நேரத்தில் அது அதிகம். நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் உயிரிழந்துள்ளனர். கொல்லிமலையில் மார்கழிக் குளிருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

வெந்நீர் வைக்கவும் நீண்ட நேரம் வேகும் சமையலுக்கும் இவ்வடுப்பு ஏற்றது. அவசரத்துக்குத் தேநீர் போட எரிவாயுவே வசதி. இரண்டையும் வைத்துக்கொள்ளும் வீட்டில் எரிவாயு உருளை கூடுதல் நாள் வரும், அடுக்களையில் புகையும் குறையும்.